அரை மணி நேரத்தில் நான்கு அளவுகள்: அப்பாவின் இரத்த அழுத்தத்தில் எதை நம்புவது?

மாலைநிழல்

என் தந்தைக்கு 71 வயது. இரத்த அழுத்தத்திற்காக ஆறு ஆண்டுகளாகக் காலையில் ஒரே ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சென்ற மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது 162/94 என்று வந்தது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் வீட்டிலும் அளந்து எழுதிக்கொண்டு வரும்படி மருத்துவர் சொன்னார். அன்றைக்கே ஒரு மின்னணுக் கருவியை வாங்கினோம். வீட்டின் நிம்மதி போனதும் அன்றைக்குத்தான்.

முதல் நாள் மாலை அளந்தேன். மேல் எண் 149. அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து உடனே மறுபடி அளந்தேன், 156. சிறிது நேரம் கழித்து 138, அதற்குப் பிறகு 144. அரை மணி நேரத்திற்குள் ஒரே மனிதரின் ஒரே கையில் நான்கு எண்கள். அன்று முதல் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அளக்கிறோம். வெளியூரில் இருக்கும் தம்பி முன்பெல்லாம் தொலைபேசியில் “சாப்பிட்டீர்களா அப்பா” என்று தொடங்குவான். இப்போது “இன்றைக்கு எவ்வளவு” என்று தொடங்குகிறான்.

பணி ஓய்வுக்குப் பிறகு அப்பா பழைய ஊசற் கடிகாரங்களைப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார். நேற்றுக் காலை கருவியைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியபின், குண்டு கழற்றி வைத்திருந்த ஒரு கடிகாரப் பெட்டிக்குள்ளிருந்து அது கிடைத்தது. ஒளித்து வைத்தவர் யாரென்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இந்த எண்களில் உண்மையானது எது என்பதையும், அவரிடம் சண்டை போடாமல் எப்படி அளப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

முன்னாள்_செவிலி

மகளே, அந்த நான்கு எண்களுமே உண்மையாக இருக்கக்கூடும். இரத்த அழுத்தம் உயரத்தைப் போல நிலையான ஒன்றன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் மாறும். பேசினால் ஏறும், எழுந்து நடந்தால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஏறும். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதால்தான் உங்கள் மருத்துவர் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் கைகளில் அழுத்தம் அளக்கும் பட்டை கட்டிய பழக்கத்தில் சில கேள்விகள் கேட்கிறேன். அளப்பதற்கு முன் அவர் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாரா? முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்ததா, பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருந்தனவா, அல்லது கால்மேல் கால் போட்டிருந்தாரா? கை மேசைமேல், நெஞ்சின் மட்டத்தில் இருந்ததா? பட்டையைச் சட்டைக் கையின்மேல் கட்டினீர்களா, தோலின்மேல் கட்டினீர்களா? அளக்கும்போது வீட்டில் யாராவது அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்களா?

கை இருக்கும் இடம் அற்ப விஷயமாகத் தெரியும், ஆனால் அப்படியன்று. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், கையை மடியில் வைத்து அளந்தபோது மேல் எண் சராசரியாக 4 அளவு கூடுதலாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டு அளந்தபோது ஆறரை அளவு கூடுதலாகவும் காட்டியது. இத்தகைய சின்னச் சின்னத் தவறுகள் இரண்டு மூன்று சேர்ந்தால், மாத்திரையே தேவையில்லாத மனிதருக்கும் மாத்திரை எழுதப்பட்டுவிடும்.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், உணவுக்கும் மாத்திரைக்கும் முன்னால் ஒரு முறை. இரவு உணவுக்கு முன்னாலோ படுக்கப் போகும் முன்னாலோ ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவுகள் எடுங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. இப்படி ஏழு நாள் எழுதி, முதல் நாள் எண்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தின் சராசரியைப் பாருங்கள். முதல் நாள் எல்லோருக்கும் பதற்றத்தில் கூடுதலாகவே வரும்.

வீட்டில் எடுக்கும் சராசரிக்கு எல்லைக்கோடு 135/85 என்று பல வழிகாட்டுதல்கள் கொள்கின்றன. மருத்துவமனையில் அளக்கும் 140/90-க்கு அது ஈடு. ஆகவே இரண்டு இடத்து எண்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள். 180/120-க்கு மேல் வந்து, அதனோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், சராசரி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது; உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் அமைதியாக உட்காரவைத்துச் சில நிமிடங்கள் கழித்து மறுபடி அளக்கலாம். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்விக்குறி

இவ்வளவு நிபந்தனைகள் தேவைப்படும் ஒரு கருவியை ஏன் நம்ப வேண்டும் என்பதுதான் என் கேள்வி. என் இளமைக்காலத்தில் மருத்துவர் பாதரசக் கருவியைத் திறந்துவைத்து, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி, ஒரே முறை அளந்து சொல்வார். அந்த எண்ணை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பெட்டிக்குள் என்ன கணக்குப் போடுகிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பொருளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அது ஏழு நாளில் ஏழு எண் சொன்னதும் சராசரி எடுங்கள் என்பது எனக்குச் சமாதானமாகத் தோன்றுகிறதே தவிர, விளக்கமாகத் தோன்றவில்லை.

அளவுகோல்

கேள்விக்குறி ஐயா, மருத்துவக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

கையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டிப் பாதரசத் தம்பத்தில் அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் வெளியிட்டார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலி கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தறியும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் 1905-இல் அறிவித்தார். அந்த முறை இன்றும் மதிக்கப்படுவதுதான். ஆனால் ஒரே முறை அளந்து சொன்ன எண்ணை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணம், இரண்டாவது முறை யாரும் அளக்காததுதான். அளந்திருந்தால் அன்றைக்கும் வேறு எண்தான் வந்திருக்கும். தவிர, பாதரச முறையில் கேட்கும் காது மனிதருடையது. பலர் 140, 150 என்று பூஜ்யத்தில் முடியும்படி தம்மையறியாமலே திருத்தி எழுதிவிடுவார்கள். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள், 143 என்ற எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மின்னணுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டையிலிருந்து காற்று இறங்கும்போது நாடித் துடிப்பால் பட்டைக்குள் உண்டாகும் மெல்லிய அதிர்வுகளை உணர்கிறது. அதிர்வு மிகப் பெரிதாக இருக்கும் இடம், ஒரு துடிப்புக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தின் சராசரியை ஒட்டியது. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிலிருந்து தன் சூத்திரத்தால் கணக்கிட்டுக் காட்டுகிறது. அந்தச் சூத்திரத்தை நிறுவனங்கள் வெளியில் சொல்வதில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. அதனால்தான் கருவியை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் முறை இருக்கிறது: பயிற்சி பெற்றவர்கள் கேட்டு எடுத்த அளவோடு ஒப்பிட்டால் சராசரி வித்தியாசம் 5-க்குள்ளும், சிதறல் (அந்த வித்தியாசங்கள் தம் சராசரியிலிருந்து விலகும் அளவு) 8-க்குள்ளும் இருக்க வேண்டும். வாங்கும்போது அத்தகைய சோதனையில் தேறிய மாதிரியா என்று பார்க்க வேண்டும்; எண் பெரிதாகத் தெரிகிறதா, பேசுகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகமானது. இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு மட்டும் இக்கருவிகள் தடுமாறும். அவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாதரசத்திற்குத் திரும்பும் வழியும் இல்லை. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரச அளவுக் கருவிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்று வகுத்தது. உடைந்த கருவியிலிருந்து தரையில் உருண்டோடிய பாதரசத்தை அட்டைத் துண்டால் கூட்டிச் சேர்த்த அனுபவம் எனக்கு உண்டு. அது போனதில் எனக்கு வருத்தமில்லை.

மாலைநிழல், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பட்டையின் ஓரத்தில் எந்தெந்தச் சுற்றளவுக்குப் பொருந்தும் என்று அச்சிட்டிருக்கும். அப்பாவின் மேல்கையை நாடாவால் அளந்து பார்த்தீர்களா?

மாலைநிழல்

அளவுகோல் அண்ணா, நீங்கள் கேட்டபின்தான் தையல் நாடாவை எடுத்தேன். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் 35 செ.மீ. இருக்கிறது. பட்டையில் 22 முதல் 32 செ.மீ. வரை என்று அச்சிட்டிருக்கிறது. அதையும் இத்தனை நாளும் சட்டைக் கையின்மேல்தான் இழுத்துக் கட்டியிருக்கிறேன். போதாக்குறைக்கு, அளக்கும்போது நான் ஒரு பக்கம் நின்று “அசையாதீர்கள்” என்று சொல்ல, அம்மா இன்னொரு பக்கம் நின்று எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். செவிலி அம்மா கேட்ட ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை.

அளவுகோல்

வேறெதையும் திருத்துவதற்கு முன் பட்டையை மாற்றுங்கள். சிறிய பட்டை, இரத்த நாளத்தை அமுக்குவதற்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால், எண்ணை உயர்த்தியே காட்டும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 5 அளவும், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 20 அளவும் கூடுதலாக வந்தது. உங்கள் கருவிக்கென்றே அதே நிறுவனம் செய்யும் பெரிய பட்டையை வாங்குங்கள். வேறொரு கருவியின் பட்டையைக் குழாய் பொருந்துகிறதே என்று செருகினால் கணக்குத் தவறிவிடும்.

இரண்டாம்_மகன்

இதை வாசித்தபோது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. என் தாயாருக்கு ஒரு நாள் மாலை 170 வந்தது. அன்று உறவினர் வீட்டு விவகாரம் ஒன்றில் மனம் நொந்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், “இரண்டு நாளைக்கு இரண்டு மாத்திரையாகக் கொடுப்போம்” என்று நான்தான் முடிவு செய்தேன். மருத்துவரைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர், கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்த அழுத்தம் எழுந்து நின்றதும் சட்டென்று இறங்கியிருக்கிறது என்று பிறகு விளக்கினார்கள்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவர் ஆறு வாரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எண்ணைக் குறிப்பது குடும்பத்தாரின் வேலை, மாத்திரையைத் தொடுவது நம் வேலையே அன்று.

முன்னாள்_செவிலி

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. வயதானவர்களை உட்காரவைத்து மட்டும் அளந்தால் இந்த ஆபத்துக் கண்ணில் படாது. உட்கார்ந்தோ படுத்தோ அளந்துவிட்டு, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். மூன்று நிமிடத்திற்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நிற்கவைத்து அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். இங்கே மட்டும் பக்கத்தில் நிற்பதற்கு நான் அனுமதி தருகிறேன்.

மாலைநிழல், இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா வேறு ஏதேனும் மாத்திரை விழுங்குகிறாரா? வலிக்கோ மூக்கடைப்புக்கோ கடையில் வாங்குவதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மாலைநிழல்

அப்பாவிடம் கேட்டேன். கடிகார மேசையில் குனிந்தே இருப்பதால் முழங்காலும் இடுப்பும் வலிக்கின்றன என்று மூன்று வாரமாக ஐபுப்ரோஃபென் எடுத்துக்கொண்டிருக்கிறார். “அது வலி மாத்திரைதானே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்” என்கிறார்.

முன்னாள்_செவிலி

சம்பந்தம் உண்டு. அந்த வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வேலையையும் குறைக்கும், சிறுநீரகத்திற்கும் நல்லதல்ல. மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவும் இப்படித்தான். ஏழு நாள் ஏட்டோடு இந்தத் தகவலையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிக்கு மாற்று என்ன என்பதை அவரே சொல்வார்.

கேள்விக்குறி

அளவுகோல் சொன்ன பாதரசப் பதிவேட்டுக் கணக்கை என் பழைய மருத்துவச் சீட்டுகளில் சரிபார்த்தேன். பதினொரு சீட்டுகளில் ஒன்பது பூஜ்யத்தில் முடிகின்றன. என் வாதத்தின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் எல்லோரும் பட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள், உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? உப்பைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீருமே. சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்கள், அதை வாங்கிப் போடச் சொல்லலாமே?

அளவுகோல்

உப்பைக் குறைப்பதில் இரண்டு கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்கிறது. ஒரு சிறு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நன்மைதான். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். அவருடைய மாத்திரை எந்த வகை என்று நமக்குத் தெரியாத நிலையில், இங்கிருந்து சிபாரிசு செய்யும் பொருளன்று அது. கேட்டுவிட்டு வாங்கட்டும்.

எழுபதைக்_கடந்தவன்

நான் அளப்பவன் அல்லன், அளக்கப்படுபவன். ஆகவே கருவியை ஒளித்துவைத்தவரின் பக்கம் நின்று சில வார்த்தை.

அம்மா மாலைநிழல், கையில் பட்டை இறுகும்போது உங்கள் அப்பா பார்ப்பது கருவியின் திரையை அல்ல, உங்கள் முகங்களை. எண் வருவதற்கு முன்னாலேயே மனைவியின் புருவத்தில் அது வந்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 128 வந்தால் எல்லோரும் கலைந்து போவார்கள். 151 வந்தால் அன்றைக்கு நான் என்ன தின்றேன், யாரிடம் கோபித்துக்கொண்டேன், ஏன் நேற்று நடைக்குப் போகவில்லை என்று விசாரணை நடக்கும். அளவுக்கு விசாரணை வரும் என்று தெரிந்த மனிதனுக்கு அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

ஏட்டை என் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு அது பழகியது. நானே கட்டிக்கொள்கிறேன், நானே எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் பார்க்கிறாள். உங்கள் தந்தை கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்கிறீர்கள். ஓடும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு யாராவது ஊசல் குண்டின் கீழிருக்கும், வேகத்தைத் திருத்தும் மரையைத் திருகுவார்களா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

மாலைநிழல்

ஐயா, உங்கள் கேள்வியை அப்படியே அவரிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நீளமான பழைய நோட்டை எடுத்து வந்து காட்டினார். இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்தும் நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு கடிகாரத்திற்கும் ஒரு பக்கம். தினமும் காலை ஒரே நேரத்தில் அது எத்தனை விநாடி முந்துகிறது, எத்தனை விநாடி பிந்துகிறது என்று எழுதியிருக்கிறார். வெயில் காலத்துப் பக்கங்களில் ஓரத்தில் “சூடு” என்று ஒரு சொல். சூட்டில் ஊசல்தண்டு நீண்டு கடிகாரம் மெதுவாகும், அதற்காக மரையைத் திருகினால் குளிர் வந்ததும் முந்தும், ஆகையால் ஒரு வாரமாவது எழுதாமல் கைவைக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினார். நடத்திக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, “சரி, பட்டையை வாங்கி வா” என்றார்.

நோட்டின் கடைசியில் தனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

மாலைநிழல்

ஏழு நாள் முடிந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததால் எழுதுகிறேன். மொத்தம் 28 அளவுகள். முதல் நாளின் நான்கைக் கழித்து 24. சராசரி 137/81. எல்லைக்குச் சற்று மேலே, நாங்கள் பயந்த அளவுக்கு வெகு கீழே. நின்று அளந்தபோது மேல் எண் 6 மட்டுமே இறங்கியது. மருத்துவர் நோட்டை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இரத்த அழுத்த மாத்திரையை இப்போதைக்கு மாற்றவில்லை. ஐபுப்ரோஃபெனை நிறுத்தச் சொல்லி, வலிக்கு வேறு மருந்தும் முழங்காலுக்கு உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். நான்கு வாரம் கழித்து மறுபடி ஏழு நாள் எழுதிக்கொண்டு வரவேண்டும். அப்போதும் எல்லைக்கு மேல் இருந்தால் மாத்திரையைப் பற்றி முடிவு செய்யலாம் என்றார்.

தம்பிக்கு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எண் சொல்வது என்று தீர்மானித்திருக்கிறோம். அவன் இரண்டு நாள் கோபித்துக்கொண்டான். அம்மாவுக்குத்தான் கடினமாக இருக்கிறது. அப்பா அளக்கும் நேரத்தில் சமையலறையில் பாத்திரம் அடுக்கும் ஓசை சற்று அதிகமாகவே கேட்கிறது.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம். இரண்டு கைகளிலும் அளந்து பார்த்தாராம், வலக்கையில் எப்போதும் 4, 5 கூடுதலாக வருகிறதாம். எதை எழுதுவது என்று கேட்கிறார்.

முன்னாள்_செவிலி

இரண்டு கைகளுக்கும் சிறு வித்தியாசம் இருப்பது இயல்பு. தொடர்ந்து 10-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்தக் கையில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையிலேயே எப்போதும் அளக்கட்டும். பக்கத்தின் தலைப்பில் “வலக்கை” என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாலைநிழல்

அவர் ஏற்கெனவே எழுதிவிட்டார், அம்மா. ஓரத்தில் “சூடு” என்றும் ஓரிடத்தில் இருக்கிறது. அன்று தம்பி தொலைபேசியில் கோபித்துக்கொண்ட நாள்.